பழைய பெட்டியும் சங்கத்தின் பக்கமும்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சிறுவர் சிறுமியரின் நாடகம் முடிந்துவிட்டது. பந்திக்கு இலை போடும் ஓசையும் கேட்கத் தொடங்கிவிட்டது. இத்தகைய வேளையில் கணிப்பொறியைப் பற்றிப் பேச எழுகிறவர்கள்மீது எவர்க்கும் அன்பு பிறத்தல் அரிது. ஆயினும் செயலாளர் அவர்கள், "சங்கத்தின் வலைத்தளத்தை நடத்துகிறவர்கள் நீங்கள், அது எவ்வாறு நடக்கிறது என்பதைச் சபையில் சொல்லவேண்டியதும் உங்கள் கடமையே" என்று கட்டளையிட்டுவிட்டார்கள்.

"நாங்கள்" என்று பன்மையிற் பேசுவது பெருமைக்காக அன்று. நால்வர் சேர்ந்து செய்த வேலை இது. நால்வருக்காகவும் ஒருவர் பேசுகிறார். எங்களுள் எவரும் கணிப்பொறியைத் தொழிலாகக் கற்றவர் அல்லர். அலுவலகத்திலும் பள்ளியிலும் வங்கியிலும் பகற்பொழுதைக் கழித்துவிட்டு, மாலையில் வீடு திரும்பிய பின்னர்த் திருப்புளியைக் கையில் எடுத்தவர்கள். சிலர் வீணை பழகுகிறார்கள். சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள். எங்களுக்கு வாய்த்த பித்து இது.

அந்தப் பித்து 1997-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. எங்களுள் ஒருவர் தம் சேமிப்பில் ஒரு பெரும்பகுதியைச் செலவிட்டு, டெல்லி நேரு பிளேசில் ஒரு பெட்டியை அங்கேயே பூட்டச் செய்து ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். பென்டியம் பிராசஸர், 16 எம்.பி. நினைவகம், 1.2 ஜி.பி. கொண்ட ஹார்டு டிஸ்க். இன்று உங்கள் பையில் இருக்கும் கைப்பேசியோடு ஒப்பிட்டால் அது பொம்மை. அன்றோ காலனிக் குழந்தைகள் வரிசையாக வந்து பார்த்துப் போனார்கள்.

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். ஹார்டு டிஸ்க் என்பது உக்கிராண அறை. எல்லாப் பொருளும் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ரேம் என்னும் நினைவகம் சமையல் மேடை; அப்போதைக்கு வேண்டியவை மட்டும் அங்கே இருக்கும். பிராசஸர் சமையற்காரர். அவர் எத்துணைக் கைவேகம் உடையவராயினும், மேடை ஒரு முழ அகலமே இருந்தால் என்ன செய்வார்? கடுகுக்கு ஒருமுறை, பெருங்காயத்திற்கு ஒருமுறை என்று உக்கிராணத்திற்கு ஓடிக்கொண்டே இருப்பார். பெட்டி மெதுவாக வேலை செய்தபோதெல்லாம் சமையற்காரரையே குறை கூறினோம். மேடை போதவில்லை என்று விளங்க எங்களுக்கு ஓராண்டு ஆயிற்று.

விளங்கிய பின்னர் ஒரு சனிக்கிழமை நேரு பிளேசுக்குப் பேருந்து ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடையடைப்பு. ஆகையால் சனிக்கிழமையே எங்களுக்குத் திருநாள். 16 எம்.பி. நினைவக அட்டை ஒன்றை வாங்கி, குழந்தையைத் தூக்கிவருவதுபோல் கொண்டுவந்து செருகினோம். பெட்டி அதை ஏற்கவில்லை. அந்தக் காலத்துப் பென்டியம் பலகைகளில் 72 முனை அட்டைகளை ஒத்த இணையாகவே செருகுதல் வேண்டும். பிராசஸர் ஒரே வேளையில் 64 பிட்டுகளைக் கேட்கும், அட்டையோ 32 மட்டுமே தரும். இதை எங்களுக்கு எவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மீண்டும் பேருந்து ஏறி, இன்னோர் அட்டை வாங்கி வந்து, இரண்டையும் செருகிப் பொத்தானை அழுத்தியபொழுது திரையில் எண் ஏறி 48-இல் நின்றது. வீட்டில் இருந்தவர்கள், "இதற்காகவா இரண்டு வாரம்?" என்று கேட்டார்கள். ஆம், இதற்காகத்தான்.

அதன் பின்னர் நின்றோமில்லை. வன்தட்டு மாறிற்று; திரைக்கான அட்டை மாறிற்று; தாய்ப்பலகையே மாறிற்று. ஊர்த்தேருக்கு ஆண்டுதோறும் ஒரு சக்கரமும் ஓர் அச்சும் புதிதாக்குவதுபோல், 2003-ஆம் ஆண்டளவில் அந்தப் பெட்டியில் தகரக்கூடு ஒன்றே பழையதாக எஞ்சியது. டெல்லியின் தட்பவெப்பமும் எங்களுக்கு ஆசிரியராக விளங்கிற்று. மே, ஜூன் மாதங்களில் வீசும் புழுதிக்காற்று விசிறியின் இதழ்களில் கம்பளிபோல் படிந்து, பிராசஸரின் சூட்டை வெளியேறவிடாமல் தடுக்கும். பெட்டி திடீரென்று அணைந்துவிடும். ஓவியத் தூரிகையால் புழுதியைத் தட்டிவிட்டால் போதும், பாதி நோய் நீங்கும். குளிர்காலத்தின் தொல்லை வேறு வகையானது. கம்பளிச் சட்டை அணிந்து கதவின் பிடியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஒரு பொறி தெறிப்பதை நாம் எல்லோரும் அறிவோம். நம் விரல் அதை உணர்வதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ட்டு வேண்டும். நினைவகச் சில்லு பழுதடைய அதில் ஒரு சிறு பகுதியே போதுமானது. நமக்குத் தெரியாமலே அதைக் கொன்றுவிடலாம். நாங்களும் ஒன்றைக் கொன்றோம். அன்று முதல் பெட்டியின் உலோகக்கூட்டைத் தொட்டுவிட்டே உட்பகுதியில் கைவைக்கிறோம். இதைப் பார்த்த ஒரு பாட்டியார், "கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லையா?" என்று கேட்டார்.

பெட்டி ஆயிற்று. இனிப் பக்கத்திற்கு வருவோம்.

இந்தியாவில் 15-8-1995 அன்று பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது. காலனி வீடுகளுக்கு அது வந்துசேர மேலும் மூன்று நான்கு ஆண்டுகள் ஆயின. தொலைபேசிக் கம்பியில் மோடம் என்னும் கருவியைப் பூட்டினால் அது கீச்சிட்டுக் கூவி மறுமுனையோடு பேசும். பேசிக்கொண்டிருக்கும் வரையில் வேறு அழைப்பு எதுவும் வீட்டிற்குள் வாராது. இரவு நேரத்தில் வெளியூர் அழைப்பின் கட்டணம் குறையும். கும்பகோணத்திலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் பெற்றோர் அழைப்பது அந்த நேரத்தில்தான். நாங்கள் வலைப்பக்கம் ஏற்றியதும் அந்த நேரத்தில்தான். இதனால் எழுந்த குடும்பப் பூசல்களை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

1999-இல் சங்கத்திற்கென முதற்பக்கத்தை உருவாக்கினோம். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. நோட்பேட் என்னும் வெற்றுத்தாள் போன்ற செயலியே போதுமானதாக இருந்தது. எச்.டி.எம்.எல். என்பது கடுமையான மொழி அன்று. இது தலைப்பு, இது பத்தி, இது படம் என்று கோண அடைப்புக்குள் குறித்துச் செல்லுதலே அது. சுவிட்சர்லாந்தில் செர்ன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த வலையமைப்பை, 1993-இல் அந்நிலையம் எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம் என்று உலகிற்கு விட்டுக்கொடுத்தது. அக்கொடை இல்லையேல் எங்களைப் போன்ற பொழுதுபோக்காளர்க்கு அங்கே இடமிருந்திராது.

முதற்பக்கம் அழகாக இருந்ததா என்று கேட்காதீர்கள். வரவேற்பு வாசகம் வலமிருந்து இடமாக ஓடிற்று. இரு புறமும் குத்துவிளக்குகள் அசைந்தன. அடியில் வருகையாளரை எண்ணும் கருவி ஒன்று இருந்தது. முதல் மாதத்தில் அது முந்நூறைத் தாண்டியபொழுது நால்வரும் மகிழ்ந்தோம். நாங்களே நாள்தோறும் திறந்து பார்த்ததையும் அது எண்ணியிருந்தது என்பது பிறகு தெரிந்தது.

செய்தி பரவிற்று. வயலின் ஆசிரியை ஒருவர் தம் வகுப்பிற்குப் பக்கம் வேண்டும் என்றார். இட்லி மாவு அரைத்து விற்ற குடும்பத்தார் விலைப்பட்டியலை ஏற்றச் சொன்னார்கள். திருமண அழைப்பிதழைப் பக்கமாக்கித் தரும்படி வேண்டினார்கள். அதைத் திறந்ததும் நாகசுரம் ஒலிக்கவேண்டும் என்பதில் பெண்வீட்டார் மிக உறுதியாக இருந்தனர். 56 கே மோடத்தில் 70 கிலோபைட்டு படம் ஒன்று வர, எல்லாம் நன்றாக நடந்தாலும் பத்து நொடி ஆகும். நாகசுரம் வந்துசேர்வதற்குள் முகூர்த்தமே கடந்துவிடும் என்று சொல்லியும் கேட்டாரில்லை. இவற்றுக்குக் கூலியாக நாங்கள் பெற்றவை முறுக்கும், அதிரசமும், ஊரிலிருந்து வந்த காப்பிப்பொடியும். இவற்றுள் எந்தப் பக்கமும் இன்று இல்லை. இருக்கவேண்டும் என்று எவரும் வருந்தவும் இல்லை.

சங்கத்தின் பக்கம் அத்தகையது அன்று. மூத்த உறுப்பினர்களின் யோசனைப்படி, பழைய ஆண்டு மலர்களைத் தட்டச்சுச் செய்து ஏற்றத் தொடங்கினோம். இவ்வூருக்கு முதன்முதலாக வந்திறங்கிய தலைமுறை எழுதிய கட்டுரைகள் அவற்றில் இருந்தன. நாடகத்தில் நடித்தோர் பெயர்கள், கட்டட நிதிக்கு ஐந்து ரூபாய் கொடுத்தவர் பெயர்கள் இருந்தன. குடும்பங்கள் இரவல் தந்த பழைய ஒளிப்படங்களையும் ஸ்கேன் செய்து சேர்த்தோம். ஐந்தாண்டில் ஏழு மலர்கள் முடிந்தன. எல்லாம் ஒரே வன்தட்டில் இருந்தன. வலைத்தளத்தில் இடம் குறைவாகையால், சில பக்கங்களை மட்டுமே அங்கே ஏற்றியிருந்தோம்.

2004-ஆம் ஆண்டு அவ்வன்தட்டு விட்டுவிட்டு முனகத் தொடங்கிற்று. அது இறுதிக்காலத்தின் அறிகுறி என்பதை அறிவோம். உடனே அதே அளவில், அதே நிறுவனத்தின் புதிய தட்டு ஒன்றை வாங்கினோம். இரண்டையும் ஒரே கம்பியில் பூட்டி, பழையதை முழுமையாகப் புதியதில் படியெடுக்கும் செயலியை ஓட்டினோம். "எதிலிருந்து?" என்று அது கேட்டது, "எதற்கு?" என்று கேட்டது. இரண்டு தட்டிற்கும் பெயர் ஒன்று, அளவு ஒன்று. வேறுபடுத்திக் காட்டியது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணை நாங்கள் மாற்றிக் கொடுத்துவிட்டோம். முக்கால் மணி நேரம் பச்சைக்கோடு வளர்ந்து நூறு விழுக்காட்டைத் தொட்டது. அதுவரையில் காப்பி அருந்தியபடி பேசிக்கொண்டிருந்தோம். திறந்து பார்த்தால் இரண்டு தட்டும் வெறுமை.

சாதாரணமாக ஒரு கோப்பை அழித்தால் அது உண்மையில் அழிவதில்லை. பெயர்ப்பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்குகிறது, உள்ளடக்கம் தட்டிலேயே சில காலம் கிடக்கும், வல்லவர்கள் மீட்டுவிடுவார்கள். எங்கள் நிலை அதுவன்று. புதிய தட்டின் வெறுமை, பழையதன் ஒவ்வோர் இடத்திலும் எழுதப்பட்டுவிட்டது. எழுத்தை அழித்ததோடு நில்லாமல், கரும்பலகை முழுவதையும் சுண்ணாம்பால் பூசியதற்கு ஒப்பு. குறுந்தகட்டில் ஒரு படி எடுத்து வைத்திருந்தோம். அதுவும் ஓராண்டுக்கு முற்பட்டது. பலகணியோரத்து அலமாரியின்மேல் இரண்டு கோடைகள் காய்ந்த அத்தகட்டைப் படிப்பான் படிக்கவில்லை.

குற்றம் முழுவதும் எங்களுடையது. பெட்டியை மேம்படுத்தும் ஆர்வத்தில் பெட்டிக்குள் இருந்ததை மறந்தோம். மறுநாள் மாலை செயற்குழுவிடம் போய்ச் சொன்னோம். யாரும் கடிந்துகொள்ளவில்லை, அதுவே எங்களுக்குக் கடுமையாக இருந்தது. ஒளிப்படங்களுள் பெரும்பாலானவை உரியவர்களிடம் இருந்தன, மறுபடியும் வாங்கிக்கொண்டோம். ஒரு படம் மட்டும் கிடைக்கவில்லை. பெரியவர் ஒருவரின் தந்தையார், புதுடெல்லி இரயில் நிலையத்தில் தகரப்பெட்டியுடன் நிற்கும் படம் அது. மூலப்படம் கரையானுக்கு இரையாகியிருந்தது. "உங்களிடம் இருக்கிறதே என்று கவலையின்றி இருந்துவிட்டேன்" என்றார் அப்பெரியவர். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவரே தம் வீட்டிலிருந்த ஆண்டு மலர்களைக் கயிற்றால் கட்டி எடுத்துக்கொண்டு எங்கள் படி ஏறி வந்தார்.

மறுபடியும் தட்டச்சுத் தொடங்கிற்று. இம்முறை நால்வர் மட்டும் அல்லோம். வீட்டுக்கு எட்டுப் பக்கம் என்று பிரித்துக் கொடுத்தோம். அங்கே ஒரு சிக்கல் தோன்றியது. தாய்மார்களுக்குத் தமிழ் தெரியும், விசைப்பலகை பழக்கமில்லை. பிள்ளைகளுக்கு விசைப்பலகை தெரியும். இவ்வூர்ப் பள்ளிகளில் இந்தியும் ஆங்கிலமும் படித்தவர்களாதலின் தமிழ் எழுத்துத் தடுமாறும். ஆகவே அம்மா வாய்விட்டுப் படிக்க, பிள்ளை எழுத்துக் கூட்டி அடித்தது. "சின்ன ரவா, பெரிய றவா?" என்ற கேள்வி அந்தக் குளிர்காலம் முழுவதும் காலனியில் ஒலித்தது. அடுப்படியில் நின்றபடியே, "பெரிய ற" என்று விடை சொன்ன அன்னையர் இங்கே இருக்கிறீர்கள்.

அப்பொழுதுதான் எழுத்துருவையும் மாற்றினோம். இதைச் சற்று விளக்குதல் நலம். நம்மவர் பலருடைய பழைய கோப்புகள் இன்னும் இந்நோயால் வருந்துகின்றன. கணிப்பொறி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். பழைய முறையில் ஓர் எழுத்துருவிற்கு 256 இடங்கள், பாதி ஆங்கிலத்துக்குரியவை. மிஞ்சிய இடங்களில் நம் 247 எழுத்துகள் அடங்குமா? ஆகையால் கொம்பு, கால், சுழி என்று துண்டு துண்டாக்கி அடைத்தார்கள். அடைத்தவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசையில் அடைத்தார்கள். ஒரு பெட்டியில் 'க' ஆனது மற்றொரு பெட்டியில் வேறு எழுத்தாகும். எழுத்துருவே இல்லாத பெட்டியில் புள்ளி வைத்த ரோமன் எழுத்துகளாகத் தோன்றும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியே தமிழ் 99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறியீடுகளும் அமைந்தன. அதே காலத்தில் டிஸ்கி என்பதும் வழங்கிற்று. உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றிருந்தது. விண்டோஸ் 2000 வந்த பின்னரே வீட்டுப் பெட்டிகளில் அது கைகூடத் தொடங்கிற்று. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமாக அறிவித்தது.

யூனிகோடிலும் நாங்கள் வழுக்கி விழுந்ததுண்டு. ஓர் அம்மையார் நன்கொடையாளர் பட்டியலில் தம் தாயாரின் பெயரைத் தேடினார். கௌரி என்பது பெயர். "இல்லை" என்றது பெட்டி. பட்டியலைக் கண்ணால் பார்த்தால் பெயர் இருக்கிறது! ஆராய்ந்தபொழுது, அடித்த பிள்ளை 'கௌ' என்னும் ஓரெழுத்தை அடிக்காமல், 'கெ' அடித்து அருகே 'ள' அடித்திருந்தது புலனாயிற்று. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். பெட்டிக்கு முற்றிலும் வேறு. அன்றிரவே எல்லா மலர்களிலும் ஔகாரத்தைத் தேடித் திருத்தினோம். கௌரிகளும் கௌசல்யாக்களும் தத்தம் பெயரை மீண்டும் பெற்றார்கள்.

வேறொரு தவற்றையும் சொல்லிவிடுகிறோம். தளத்தின் முகவரியை முதலில் எங்களுள் ஒருவர் தம் பெயரில் பதிந்திருந்தார். அவருக்கு வெளியூர் மாற்றலாயிற்று. புதுப்பிக்கும்படி வந்த நினைவூட்டு மடல், அவர் விட்டுப்போன அலுவலக முகவரிக்குப் போயிற்று. முகவரி கைவிட்டுப் போய்விட்டது. இன்றுள்ள முகவரி சங்கத்தின் பெயரிலேயே உள்ளது. கடவுச்சொல் ஓர் உறையில் முத்திரையிடப்பட்டுப் பொருளாளரின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

கைப்பேசி வந்த பின்னர்ப் பக்கத்தின் உருவமும் மாறவேண்டியதாயிற்று. அகன்ற திரைக்கென்று அட்டவணைகளாகக் கட்டிய பக்கங்கள் உள்ளங்கைத் திரையில் எறும்பெழுத்தாகத் தெரிந்தன. குத்துவிளக்குகளை விடைகொடுத்து அனுப்பினோம். எழுத்தைப் பெரிதாக்கி, திரையின் அகலத்திற்கேற்பத் தானே மடியும்படி அமைத்தோம். அழகு குறைந்தது என்று சிலர் கூறுகிறார்கள். கண்புரை அறுவை செய்துகொண்ட பெரியவர்கள் அவ்வாறு கூறவில்லை.

உங்களில் பலர் இப்பொழுது எங்களைக் காணும்போதெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 14-10-2025 அன்று நிறுத்தியது. பல வீடுகளில் உள்ள பெட்டிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்கமாட்டா, "எடைக்குப் போட்டுவிடலாமா?" என்கிறீர்கள். அவசரப்படவேண்டாம். சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினாலே பழைய பெட்டிக்குப் புத்துயிர் வரும். சமையற்காரர் உக்கிராணத்திற்கு நடந்த காலம் போய், கைநீட்டி எடுக்கும் காலம் வந்தாற்போல் இருக்கும். கட்டணமில்லாத லினக்ஸை நிறுவிக்கொண்டால் கடிதம் எழுதவும், பேரக்குழந்தையின் முகம் பார்த்துப் பேசவும் தடையில்லை. நினைவகத்தின் விலைதான் 2025-இன் இறுதியில் மளமளவென்று ஏறிற்று. வீட்டில் பழைய அட்டைகள் இருந்தால் தூக்கி எறியாமல் எங்களிடம் கொடுங்கள், பொருந்துகிற பெட்டிக்குப் பொருத்தித் தருகிறோம். ஒன்றே ஒன்று: பெட்டியைக் கொண்டுவருமுன், உள்ளிருக்கும் படங்களை வேறிடத்தில் படியெடுத்துவிட்டீர்களா என்று கேட்போம். "ஆயிற்று" என்று நீங்கள் சொன்னாலும், காட்டுங்கள் என்போம். கோபித்துக்கொள்ளவேண்டாம்.

பந்தியில் இலை போட்டாகிவிட்டது. இறுதியாக ஒரு விண்ணப்பம். சங்கத்தின் மலர்களுள் 1968, 1973, 1981 ஆகிய மூன்றும் எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. பரண்மேலோ, பழைய டிரங்குப் பெட்டியிலோ எவரேனும் வைத்திருந்தால் அன்புகூர்ந்து தந்துதவவேண்டும். அட்டை இல்லாவிட்டாலும், பாதிப் பக்கங்கள் கிழிந்திருந்தாலும் குறையில்லை. சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரையில் நூலக அறையில் ஸ்கேனர் வைத்திருக்கிறோம். தையலைப் பிரிக்கமாட்டோம், அன்றைக்கே உங்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். படிகளை இப்பொழுது மூன்று வெவ்வேறு வீடுகளில் வைக்கிறோம். பெயர்களைச் சரிபார்த்துப் படிக்க இரண்டு தாய்மார்களும், தட்டச்சுச் செய்ய இரண்டு பிள்ளைகளும் தேவை. றகர ரகர ஐயம் உள்ள பிள்ளைகளும் வரலாம். காப்பி உண்டு.